சேலை மடிப்புக்குள் இருபது பக்கம்

சனிக்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் கைப்பேசி. சேலத்துக் கடைக்காரரின் அழைப்பு அதில் பதிவாகியிருக்கிறது. முகூர்த்தம் நெருங்குகிறது, அறுபது சேலையும் நாலு மணி டெம்போவில் ஏறிவிட வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே நான் மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பு வேலைக்கு வரும் அம்மா அன்று லீவு. எடுத்து வைத்திருந்த அட்டைகள் பேச்சின் நடுவில் தீர்ந்தன. மேசையின் கோடியில் இன்னொரு அடுக்கு இருந்தது. கை தானாக அதற்குப் போயிற்று.

எங்கள் ஊரான இளம்பிள்ளையிலிருந்து அட்டை வைக்காமல் ஒரு சேலையும் வெளியூர் போகாது. மடிப்பு தொய்யாமல் நிற்பதற்காக உள்ளே ஓர் அட்டையை வைத்து மடித்து, பிளாஸ்டிக் உறையில் போடுவோம். அட்டைக்கு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல் நிறம். இருபது வருடமாக இதே வேலை. அட்டையை யாரும் பார்த்து எடுப்பதில்லை. சாம்பல் பக்கம் மேலே இருந்தால் போதும், விரலுக்கே தெரியும்.

அந்த இரண்டாவது அடுக்கின் வெள்ளைப் பக்கத்தில், ஒன்பதாவது படிக்கும் என் மகள் மூன்று மாதமாக வரைந்த கதை இருந்தது. இருபது அட்டை, இருபது பக்கம். மை காய்ந்ததும் அட்டை வளைந்துகொள்கிறது என்று, கவிழ்த்து அடுக்கி, மேலே துணிக்கட்டு ஒன்றைப் பாரமாக வைத்துவிட்டுச் சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். அந்தத் துணிக்கட்டை நகர்த்தியவனும் நான்தான்.

அது என்ன கதை என்று சொல்வதற்கு, இந்த வருடம் எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்ட காமிக்ஸ் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழன் கோளைச் சுற்றும் ஒரு நிலவில், பல மைல் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. எத்தனையோ நாட்டு இயந்திரங்கள் முயன்றும் பனியைத் துளைக்க முடியவில்லை. கடைசியில், பூமியில் எந்தப் பாறையையும் துளைக்கத் தெரிந்தவர்கள் யார் என்று தேடி, திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டிக் குழுவைக் கூட்டிப் போகிறார்கள். முதல் இதழின் அட்டையில், விண்வெளி உடைமேல் துண்டு கட்டிய ஒரு டிரில்லர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு வியாழன். அவர் பேசுவதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு.

சின்ன வயதில் காமிக்ஸ் படித்தவன்தான் நான். ஆனால் அவற்றில் வந்தவர்கள் எல்லோரும் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள். வியாழனின் நிலவில் இறங்கியதும் ஒருவன் "ஏனுங்க, இங்க டீக்கடை எந்தப் பக்கமுங்க" என்று கேட்ட கட்டத்தைப் பார்த்தபோது, எனக்குக் கை கால் ஓடவில்லை. கூரியர் வந்த இடத்திலேயே, வாசல் கேட்டில் நின்றபடி படித்தேன்.

"ஏனுங்க, கூரியர்காரரு போயி அரை மணி நேரமாச்சு. ஹெல்மெட்டையாவது கழட்டிட்டுப் படிங்க" என்றாள் என் மனைவி. மறுநாள் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்று தெரியாமல் அவளும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

மனைவியின் அண்ணன் நிஜமாகவே ரிக் வண்டியில் வேலை செய்பவர். இரண்டாவது இதழை அவரிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். பிறகு, "மாப்ள, கம்ப்ரசர் இல்லாம எப்படி அடிக்கிறானுங்க? எழுதிக் கேளுங்க" என்றார். மகள் எழுதிக் கேட்டாள். மூன்றாவது இதழில் அவள் கடிதம் அச்சானது. அதற்கடுத்த இதழில், பனிமேட்டுக்குப் பக்கத்தில், அழகாக ஒரு கம்ப்ரசர் வண்டி நின்றது. அன்று எங்கள் வீட்டில் தீபாவளி.

அந்த இதழின் கடைசிப் பக்கத்தில்தான் அந்த அறிவிப்பு. குழு நிலவில் இருக்கும்போது பூமியில் அவர்களுடைய வீடுகளில் என்ன நடந்தது? வாசகர்கள் இருபது பக்கத்துக்குள் வரைந்து தரலாம். தேர்வானது தொடரில் ஒரு தனி இதழாக வரும். தொடரின் ஓவியர் அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை சேலம் சூரமங்கலத்தில் ஒரு புத்தகக் கடைக்கு வருகிறார். மூலப் படங்களைப் பதினோரு மணிக்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும், நகல் கூடாது. மகள் மூன்று மாதம் யாருக்கும் காட்டாமல் வரைந்தாள். நான் அறைக்குள் போனாலே கையால் மறைத்துக்கொள்வாள். போனில் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. முடிந்த பிறகு எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள். அந்தச் சனிக்கிழமை மாலைதான் அந்த நாள்.

ஐந்தே முக்காலுக்கு வந்தாள். நேராக மேசைக்குப் போனாள். துணிக்கட்டு வேறு இடத்தில் இருந்தது.

"அப்பா, இங்க இருந்த அட்டைய எங்கப்பா?"

எனக்கு அந்தக் கேள்வியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. டெம்போ போய்க் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மனைவி என் முகத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் போய் என் வண்டிச் சாவியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள், அவ்வளவுதான்.

சேலம் போய்ச் சேரும்வரை பின்னால் உட்கார்ந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன், வியாபார நேரம், எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கடை கொள்ளாத கூட்டம். எங்கள் அறுபது சேலையும் நிறவாரியாகப் பிரிந்து, மற்றவர்களுடைய சேலைகளோடு அலமாரிகளில் கலந்துவிட்டிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி உறை.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா காலத்திலிருந்து பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். முகூர்த்த நேரத்தில் மடித்த சேலையைப் பிரித்தால் யார் திரும்ப மடிப்பது, வந்தவர்களை யார் கவனிப்பது என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஏதோ குழறினேன்.

மகள்தான் முன்னால் வந்தாள். அவ்வளவு நேரமாக மூடியிருந்த வாயைத் திறந்து, அந்தக் கூட்டத்தில், கல்லாவுக்கு முன்னால் நின்று கதையைச் சொன்னாள். ஒரு பெண்ணின் அப்பா ரிக் வண்டியோடு வியாழனுக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வராமல் மூடி போட்டு வைத்த ஓர் ஆழ்துளைப் போர் குழி இருக்கிறது. ஒருநாள் அந்தக் குழாய்க்குள்ளிருந்து துளையிடும் சத்தம் கேட்கிறது. அது அப்பாவின் வண்டிச் சத்தம். அவளுக்குத் தெரியும்.

"அப்புறம்?" என்றார் பாய்.

"அப்புறம் உங்க சேலைக்குள்ளதான் இருக்குதுங்க."

பக்கத்தில் பார்டர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாய் சிரிக்காமல் இருக்கத்தான் முயன்றார். "முப்பது வருசமா சேலை விக்கிறேன். சேலைக்குள்ள ராக்கெட்டு வெச்சு அனுப்புன ஒரே ஆளு உங்கப்பன்தான்" என்று சொல்லிவிட்டு, மேல்மாடிக்குப் போகச் சொல்லி, விற்பனைக்கு நின்ற மூன்று பெண்களை எங்களோடு அனுப்பினார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது. எங்கள் சேலைகளைப் பார்டர் பார்த்து அலமாரிகளிலிருந்து பொறுக்கி மேலே கொண்டுபோய், ஜமக்காளத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். முதல் ஒன்பது சேலையில் வெறும் அட்டை. பத்தாவது சேலை, கிளிப்பச்சை. மடிப்பை விலக்கியதும் உள்ளே ஒரு பெண் போர் குழாய்மேல் குனிந்து காதை வைத்திருந்தாள். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. குழந்தைகளும் ஆழ்துளைக் குழியும் என்றால் எந்தத் தகப்பனுக்கும் வரும் பயம். அப்புறம் பார்த்தேன். குழாய் ஆறரை அங்குல அகலம்தான், அவள் தலைகூட நுழையாது. அதையும் யோசித்து வரைந்திருக்கிறாள். வைக்கோல் நிறத்துக் காய்ந்த நிலம், தூரத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகைகள், மேலே பகலிலும் மங்கலாகத் தெரியும் ஒரு பெரிய கோள். இதையெல்லாம் என் வீட்டில், என் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒருத்தி வரைந்திருக்கிறாள் என்பதை நான் அந்தக் கிளிப்பச்சைச் சேலைக்குள்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து மாம்பழ நிறத்தில் பன்னிரண்டாம் பக்கம். கயிற்றில் கட்டி இறக்கிய டார்ச் லைட் மேலே வருகிறது, கயிறெல்லாம் பனி. நாமக்கல் வெயிலில் பனி. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்தாம் பக்கம், பதினான்கு, மூன்று. முன்னும் பின்னுமாகக் கதை வந்தது. விற்பனைப் பெண்களில் ஒருத்தி, "அண்ணா, நீங்க படிச்சுட்டே உக்காந்தா எப்படி, பிரிங்க" என்று அதட்டினாள். சொன்னவளே ஏழாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சேலையைத் தொடவில்லை. அட்டையைப் பார்க்காமல் சேலை மடித்தே பழகிய நான், அன்று ஒவ்வோர் அட்டைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மகள் பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிக்கொண்டே வந்தாள். பதினைந்து கிடைத்ததும் லேசாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, படங்களைப் பார்த்து. எனக்கு அது போதுமாக இருந்தது.

பத்தொன்பது கிடைத்தன. வரிசையில் பதினேழாம் இடம் காலி.

ஐம்பத்தொன்பது சேலையைப் பிரித்தாகிவிட்டது. அறுபதாவது, ஒரு மெரூன் சேலை, நாங்கள் வருவதற்குச் சற்று முன்னால் விற்றுப்போயிருந்தது. பில்லில் போன் நம்பர் இல்லை. கதையில் கீழேயிருந்து யாரோ கயிற்றை இழுக்கும் பக்கம் அது. அது இல்லாவிட்டால் பின்னால் வரும் மூன்று பக்கமும் யாருக்கும் புரியாது. திரும்ப வரைந்துவிடலாமே சாமி என்றேன். "அதே கோடு வராதுப்பா" என்றாள். அன்று என்னிடம் அவள் சொன்ன இரண்டாவது வாக்கியம் அது.

பாய் தன் வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டார். இன்று மெரூன் சேலை வாங்கியவர்கள் உள்ளே இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அது ஒரு பிள்ளையின் உழைப்பு என்று எழுதி, பதினாறாம் பக்கத்தின் படத்தையும் நாளைக்குப் போக வேண்டிய கடையின் விலாசத்தையும் சேர்த்தார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. வாங்கியவர் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே சூரமங்கலம் போய்விட்டோம். நான் நினைத்தது பத்துப் பேர் இருப்பார்கள் என்று. கடை வாசலிலிருந்து டவுன் பஸ் நிற்கும் இடம்வரை வரிசை. ரயில்வே உடுப்போடு வந்தவர், கைக்குழந்தையோடு வந்தவள், ஓமலூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். எல்லோர் கையிலும் அதே இதழ்கள். நிலவில் இறங்கிய குழுவுக்குச் சாப்பாடு தீர்ந்துவிடுமா என்று ஒரு தாத்தாவும் ஒரு கல்லூரி மாணவியும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இதைப் படிக்கிறார்களா என்ற சந்தோஷத்தில் ஒரு நிமிடம் பதினேழாம் பக்கத்தை மறந்துபோனேன். மகள் மறக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்தரைக்கு எங்கள் முறை வந்தது. பின்னால் நின்றவர்களை முன்னால் போகச் சொன்னோம். பத்தே முக்காலுக்கு மறுபடியும் அப்படியே செய்தோம். ஓவியர், மெலிந்த ஓர் இளம்பெண், மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, ஏன் தயங்குகிறீர்கள் என்று கேட்டார். மகள் பத்தொன்பது அட்டையையும் மார்போடு பிடித்துக்கொண்டு, ஒண்ணு வரணும் என்றாள். ஓவியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பதினொன்றரைக்கு ரயில். பதினோரு மணிவரை உட்கார்ந்திருப்பேன் என்றார்.

பதினோரு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வரிசையின் ஓரமாக வந்து நின்றது. ஓட்டி வந்தவளுக்கு என் மனைவியின் வயது இருக்கும். பின்னால் வயதான ஓர் அம்மா, மடியில் ஒரு துணிப்பை. ஓட்டி வந்தவள் எஞ்சினை அணைக்காமலே, சேலைக்குள் அட்டை வைத்த ஆள் யார் என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். காலையில்தான் பாயின் வாட்ஸப் குழுவைப் பார்த்தாளாம். பின்னால் இருந்த அம்மா இறங்கி, பையிலிருந்து அட்டையை எடுத்தார். பூஜை அறையில் வைப்பதைப்போல ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்தார். மகள் ஓடிப் போய்க் கையை நீட்டினாள். அந்த அம்மா உடனே கொடுக்கவில்லை.

"கொடுக்கறேன் சாமி, கொடுக்கறேன்" என்றார். "குழிக்குள்ள இருந்து ஒரு கை கயித்தை இழுக்குதே, அது அவங்கப்பாவா, வேற எதாச்சுமா? அதை மொதல்ல சொல்லு. வர்ற வழியெல்லாம் எம்மருமவ அப்பான்னு சொல்றா, நான் இல்லைங்கறேன்."