மாப்பிள்ளை குத்திய கிளாத்தி

மாப்பிள்ளை என்றால் மரியாதை கொடுத்தே ஆகவேண்டும். தங்கையைக் கட்டியவராயிற்றே! இல்லையென்றால் இந்த ஆளுக்கு என் வாயிலிருந்து ஒரு 'ர்' வருமா? பார்த்துப் பேசி முடித்துவைத்த புத்திசாலியும் நான்தான். அதனால் பாதி வசவை எனக்கே வைத்துக்கொள்கிறேன்.

தொழில், முக்குளித்து மீன் குத்துவது. கண்ணாடியும் ஈட்டித் துப்பாக்கியுமாகக் கரையில் அவர் நடக்கும் நடையைப் பார்க்க வேண்டுமே! சின்ன மீனைத் தொடமாட்டாராம், கௌரவக் குறைச்சல். பாறை இடுக்கில் கிடக்கும் பெரிய கிளாத்தி மீனாகத் தேடிக் குத்துவார், தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார், கழுவத் தங்கையிடம் போட்டுவிட்டுக் காலை நீட்டிவிடுவார்.

தங்கைக்கும் அதே பாறைதான் பிழைப்பு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கடல்பாசி அறுத்து விற்பாள். அடியை விட்டுவிட்டு நுனியை மட்டும் அறுப்பாள், மறுபடி தழைக்கும். கிளாத்தியின் குடலைக் கீறும்போதெல்லாம் உள்ளே, பாறையில் முள்ளுப் பந்தாக ஒட்டிக் கிடக்குமே, அந்தக் கடல் முள்ளெலியின் ஓடும் முள்ளும் நொறுங்கிக் கிடக்கும்.

"முள்ளெலி பாசியைத் திங்குது, இது முள்ளெலியைத் திங்குது. நீங்க இதையே குத்திக்கிட்டு இருந்தா என் பாசி என்னாகும்?" என்று கேட்டாள்.

"கடலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் மாப்பிள்ளை.

ஏழே வருஷம். கிளாத்தி கண்ணில் படவில்லை, பாறை முழுக்க முள்ளெலி. இருந்த பாசியை எல்லாம் சுரண்டித் தின்று பாறையை மொட்டை அடித்துவிட்டன. மீனவர் சங்கக் கூட்டத்தில் நம் மாப்பிள்ளைத் துரை எழுந்து பேசினார்: "பொம்பளைங்க வேரோட பிடுங்குறாங்க, அதான் பாசி போச்சு." த்தூ! பிறகு சுத்தியலைத் தூக்கிக்கொண்டு முள்ளெலி உடைக்கப் போனார். உள்ளங்கையில் ஒரே ஒரு முள் ஏறியது. பத்து நாள் தங்கைதான் ஊட்டிவிட்டாள்.

அவள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். போன மாதம் ஒரு காலை என் பட்டறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணே, பாறையோட வடக்கு முனையில பாசி முளைச்சிருக்கு! விரல் நீளம்தான். ரெண்டு கிளாத்தி வந்து குடியேறியிருக்கு. அதுங்க அங்கேயே இருந்து பெருகினா நான் பழையபடி பாசிக்கே போயிடுவேன்."

அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! அந்தச் சந்தோஷத்தில் வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டாள். பாசி முளைத்த கதையெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. வடக்கு முனை, கிளாத்தி, ரெண்டு. அவ்வளவுதான் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இரண்டும் வாசலில் கிடந்தன.

"பாத்தீங்களா மச்சான்? நம்ம கை இன்னும் போகல!" என்று பல்லைக் காட்டினார்.

தங்கை கத்தியை எடுத்தாள். குடலைக் கீறினாள். உள்ளே இருந்த முள்ளெலியின் முள்ளையும் ஓட்டையும் ஒன்று விடாமல் வழித்துத் தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க," என்றாள். "இனிமே இதைத் திங்கிறதுக்கு அங்க யாரும் இல்ல."