சடங்கு டிஸ்க்குக்கு அடியில்

காலையில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் தங்கம் ஃபேனைக்கூடப் போடமாட்டாள். கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இடது உள்ளங்கையை வைத்துக்கொள்வாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. திரை வந்ததும், படங்களைச் சேர்த்துவைக்கும் மூன்று டிஸ்க்குகளில் முதலாவதை வலது கையால் தட்டுவாள். அது பாஸ்வேர்டு கேட்கும், கொடுப்பாள். உள்ளே ஏதோ புரண்டு படுத்ததுபோல ஒரு கரகரப்பு எழுந்து உள்ளங்கைக்கு வந்து சேரும். 'கல்யாணம்' விழித்துவிட்டது. அடுத்து 'சடங்கு'. கடைசியில் 'பாஸ்போர்ட்'. மூன்றும் விழித்த பிறகுதான் ஃபேன், டீ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பது எல்லாம்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்த ஸ்டூடியோ ஷாஹுல் ஹமீதுடையது. படம் எடுப்பது பாய். எடுத்ததைக் கோத்து ஆல்பமாக்குவது தங்கம். தேனாம்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். யார் முகத்தில் வெளிச்சம் கூட, யார் அத்தையை ஓரத்தில் நிறுத்தினால் சண்டை வரும் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம்.

பாய்க்கு மட்டும் அந்த டிஸ்க்குகளை எழுப்பத் தெரியாது. தங்கம் லீவு போட்டால் போன் வந்துவிடும்.

"எம்மா, இன்னைக்கும் 'சடங்கு' தூங்கிக்கினு கீது. இன்னா மந்திரம் சொல்லணும்?"

"பாஸ்வேர்டு பாய். உங்க வூட்டுக்காரம்மா பேரு."

"அதான் போட்டேன். ஏத்துக்கல."

"வூட்ல கூப்புடுற பேரு இல்ல பாய், முழுப் பேரு."

ஒரு சனிக்கிழமை அவளே இதற்கு ஒரு முடிவு கட்டினாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே டிஸ்க்குகளும் தானாக வந்து சேர வழியிருக்கிறது என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. அதன்படி ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு காலி ஃபோல்டர் திறந்தாள். டிஸ்க் வந்து உட்கார அது பலகை மாதிரி. அதே மூன்று பெயர்களை வைத்தாள். பிறகு, தொடக்கத்தில் கம்ப்யூட்டர் படித்துப் பார்க்கும் ஃபைலில் மூன்று வரிகள் எழுதினாள். ஒவ்வொரு வரியிலும் டிஸ்க்கின் நீளமான அடையாள எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தாள். இனி ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். ஆனால் யாருடைய கல்யாண வீடியோவோ கம்ப்யூட்டரில் தயாராகி முடிய வேண்டியிருந்தது. அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு, கோட்டூர்புரத்தில் தாயம்மாவின் மகள் செல்விக்கு வளைகாப்பு. தங்கம் பிடித்துக்கொடுத்த ஆர்டர் அது. தாயம்மா மீன் விற்பவள். தங்கம் குடியிருக்கும் அதே பிளாக்கில், ஒரு மாடி கீழே. பாய் படம் எடுத்துவிட்டுக் கடைக்கு வந்தார். திரையில் 'சடங்கு' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் கண்ணுக்கு நேராக இருந்தது. எல்லாப் படங்களையும் அதில் போட்டார். செவ்வாயன்று வேறொரு விசேஷம் இருந்ததால் கேமரா கார்டில் இருந்ததைச் சுத்தமாக அழித்தும் வைத்துவிட்டார்.

திங்கள் காலை தங்கம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். எதையும் தட்டாமலே மூன்று டிஸ்க்குகளும் தாமாக வந்து நின்றன. தனியாக நின்று கை தட்டினாள். பிறகு 'சடங்கு' ஃபோல்டரைத் திறந்தாள். பழைய காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டுகள் எல்லாம் இருந்தன. செல்வி இல்லை.

"இதுலதான போட்டேன்! எங் கண்ணால பாத்தேன்" என்றார் பாய். கார்டைச் செருகிப் பார்த்தார்கள், கழுவிய தட்டு. மற்ற இரண்டிலும் தேடினார்கள். பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தோ வரேன்" என்று வெளியே போய்விட்டார்.

செய்தது தான்தான் என்று தங்கத்துக்குத் தோன்றியது. சும்மா கிடந்ததை நோண்டி, ஒரு தலைப்பிள்ளைக்காரியின் வளைகாப்பையே தின்றுவிட்டோம். சாயங்காலம் தண்ணீர் லாரி முன்னால் தாயம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தத் தாயம்மாவே மத்தியானம் வாசலில் வந்து நின்றாள். கூடை இல்லை, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.

"இன்னாடி, பேயடிச்ச மாதிரி கீற?"

"ஒண்ணுல்லக்கா. வெயிலு."

"ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கினு வெயிலுன்ற." உட்கார்ந்தாள். "டீ சொல்லு."

தங்கம் டீ சொன்னாள். பிஸ்கட்டும் சொன்னாள். தாயம்மா வஞ்சிரத்தின் விலை ஏறியதைப் பேசினாள், சம்பந்தி வளைகாப்புக்கு வந்து மூன்று தடவை சோறு வாங்கியதைப் பேசினாள், லிஃப்ட் ரிப்பேரைப் பேசினாள். படம் என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும், அடுத்தது அதுதான் என்று தங்கம் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ உன் வேலயப் பாரு. எனக்கு இன்னா அவசரம்?" என்றாள் தாயம்மா.

தங்கம் திரும்பி உட்கார்ந்தாள். செய்ததை அவிழ்த்துவிடலாம், பழையபடியே கையால் எழுப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, எழுதிய மூன்று வரிகளையும் அழித்தாள். அணைத்துப் போட்டாள். டிஸ்க்குகள் வரவில்லை. காலி ஃபோல்டர்கள் மூன்றும் பாக்கி. 'கல்யாண'த்தை அழித்தாள். 'சடங்கு' மேல் அம்புக்குறியை வைத்தாள். எதையும் திறந்து பார்க்காமல் அழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. திறந்தாள்.

உள்ளே, கன்னம் இரண்டிலும் சந்தனத்தோடு, முழங்கைவரை வளையல் அடுக்கி, செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா!" என்று தங்கம் போட்ட சத்தத்தில் டீ சிந்தியது.

மெல்லத்தான் விளங்கியது. பாய் படம் போட்டபோது டிஸ்க் இன்னும் வந்து உட்காரவில்லை. படங்கள் வெறும் பலகையில் விழுந்தன. காலையில் டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்ததும் அடியில் இருந்தவை மறைந்துபோயின. அழியவில்லை, மூடப்பட்டன. அடக்கமாட்டாமல் அவள் எல்லாவற்றையும் தாயம்மாவிடமே கொட்டிவிட்டாள்.

தாயம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "கூடைக்கு மேல கூடைய வச்சா அடியில கீற மீனு தெரியாது. அவ்ளோதானடி?"

"அவ்ளோதான்க்கா."

"இதுக்கா மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருந்த?" என்று தொடையில் தட்டிச் சிரித்தாள். சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பாய் வந்து பார்த்தபோது இரண்டு பெண்களும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, சம்பந்தி சோறு வாங்கும் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். பாய் சுவரில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

படங்களை டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு, அழித்த ஃபோல்டரை மறுபடி உண்டாக்கி, மூன்றும் காலிதானா என்று பார்த்து, தங்கம் அந்த மூன்று வரிகளையும் திரும்ப எழுதினாள். இப்போது பாய் போன் செய்வதில்லை. ஆனாலும் காலையில் அவள் கை பெட்டியின் மேல் போய்விடுகிறது.

செல்விக்குப் பெண் பிறந்து, பேர் வைக்கும் விசேஷத்தில்தான் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியவந்தது. அந்தத் திங்கள், "தோ வரேன்" என்று வெளியே போன பாய் நேராகப் போனது தாயம்மாவின் மீன் கடைக்கு. படம் போய்விட்டது, தப்பு என்னுடையது, செல்வியை இன்னொரு நாள் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். "இன்னும் ரெண்டு டஜன் வளையல் போட்டா என் பொண்ணு வாணான்னா சொல்வா?" என்று தாயம்மா ஒத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் புள்ள தனியா ஒக்காந்து பயந்துக்கினு இருக்கும் பாய்" என்று கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறி மந்தைவெளிக்கு வந்தாள்.