வாசலில் அடைகாத்த வாத்து

எங்கள் ஊருக்கு வசந்தம் வந்துவிட்டதென்று சொல்லக் காலண்டர் தேவையில்லை. ஆற்றங்கரைப் பூங்காவில் தண்ணீர் ஏறி, பெஞ்சுகளின் முதுகு மட்டும் தெரியும். ஐஸ்கிரீம் கடைக்காரர் குளிர்காலத்துக்கு அடித்த பலகைகளைக் கழற்றுவார். பாலத்தில் ரப்பர் வாத்துப் போட்டிக்கு பேனர் ஏறும். மூட்டை மூட்டையாக மஞ்சள் ரப்பர் வாத்துகளை ஆற்றில் கொட்டிவிட்டு, எது முதலில் மிதந்து வருகிறதென்று ஊரே கரையில் நின்று கத்தும். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். இப்போது நானும் கத்துகிறேன்.

ரப்பர் வாத்தோடு எனக்குச் சண்டையில்லை. நிஜ வாத்துதான் என் பிராணனை வாங்கியது.

கனடா வாத்து என்பார்கள். கறுப்புக் கழுத்து, கன்னத்தில் வெள்ளைப் பட்டை, நாட்டாமை நடை. அந்த ஏப்ரலில் ஒரு ஜோடி, அவ்வளவு பெரிய ஆற்றங்கரையை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து வந்து, எங்கள் வாசற்படி ஓரமாகச் செடிகளுக்குப் போட்டிருந்த மரச்சிராயில் கூடு கட்டியது. பெட்டை ஐந்து முட்டைகள்மேல் உட்கார்ந்துகொண்டது. ஆண் காவல். நான் ஆபீஸுக்குக் கிளம்பினால் போதும், சீறிக்கொண்டு வரும். ஒரு நாள் லேப்டாப் பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினேன். எதிர்வீட்டில் பார்த்துச் சிரித்தார்கள்.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அந்த வாத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு ஒரு குழந்தை தங்கவில்லை. டாக்டர் பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. இரண்டு மூன்று நாளாகவே உள்ளே துடிப்பு நின்றிருக்கிறது. அது தெரியாமல் அவள் வயிற்றைத் தடவிப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆசை ஆசையாக வாங்கிய தொட்டில், பெட்டியைப் பிரிக்காமலே கராஜில் கிடந்தது. கண்ணில் படாமலிருக்க நான்தான் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தேன். இந்த முறை ஒரு சாக்ஸ்கூட வாங்க அவள் விடவில்லை. பெயர்ப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

பிரசவத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு வளைகாப்புக் கவலை.

"மாப்பிள்ளை, சுமங்கலிங்க எல்லாம் வாசல் வழியா வரணும். இந்தச் சனியன் யாரையாவது கொத்தி வெச்சா? கராஜ் வழியா, குப்பைத் தொட்டி பக்கமாவா அவங்களைக் கூட்டிட்டு வர்றது?"

"நான் பாத்துக்கறேன் அத்தை," என்றேன்.

வாத்துத் தொல்லைக்கென்றே எங்கள் டவுன் ஆபீஸில் ஒரு ஃபார்ம் உண்டு. கொடுத்தால் தன்னார்வலர் ஒருவர் வந்து கவனிப்பார். முட்டைகளைப் பத்திரமாக வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். வீட்டு பிரிண்டரில் எடுத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, அதிலேயே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் நான் கில்லாடி.

சனிக்கிழமை காலை வந்தவர் ஒரு ரிட்டயர்ட் டீச்சர். ஒரு கையில் ஆண் வாத்தைத் தடுக்க விரித்த குடை, மறு கையில் சமையலுக்கு வைத்திருக்கும் சோள எண்ணெய் பாட்டில். நிதானமாக விளக்கினார். முட்டைமேல் எண்ணெய் பூசினால் ஓட்டுக்குள் காற்றுப் போகாது, உள்ளே வளர்வது நின்றுவிடும். உடைக்க வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

"அம்மா வாத்துக்கு அது தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியாது என்றார். அது பாட்டுக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்து அடைகாத்துக்கொண்டிருக்குமாம்.

 திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் என் மனைவி, வயிற்றின்மேல் கை. சத்தியமாகச் சொல்கிறேன், என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டாம், தயவுசெய்து போய்விடுங்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது குடையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

"யாரு அது?" என்றாள் மனைவி, நான் உள்ளே நுழைந்ததும்.

"டவுன்லேருந்து. சும்மா செக் பண்ண வந்தாங்க."

"முட்டை?"

"நல்லா இருக்காம்."

அவள் மறுபடி ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வளைகாப்பு கராஜ் வழியாகத்தான் நடந்தது. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் சிமென்ட் தரையில் கோலம் போட்டு, கராஜ் கதவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் கட்டினார். பட்டனை அமுக்கினால் கதவோடு தோரணமும் மேலே ஏறி உள்ளே போய்விடும். பட்டுப்புடவை ஆன்ட்டிகள் குப்பைத் தொட்டி, பனி அள்ளும் மண்வெட்டி, பெட்ஷீட் போர்த்திய பெட்டி எல்லாவற்றையும் தாண்டி வந்து வளையல் அடுக்கினார்கள். புளியோதரை நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.

மே மாதத்தில் ஒரு காலை மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். "வெளிய வா, சீக்கிரம்."

மஞ்சளாய் ஐந்து குஞ்சுகள். அம்மா முன்னால், அப்பா பின்னால், ஆற்றைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. நான் குடையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றேன். ஸ்கூல் பஸ் நின்றது, அதன் பின்னால் கார்கள் நின்றன, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆண் வாத்து கொஞ்சமும் நன்றியில்லாமல் என்னைப் பார்த்துச் சீறியது.

ஐந்தும் தண்ணீரில் இறங்கும்வரை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஃபார்மை பிரிண்டர்லயே விட்டுட்டே," என்றாள், ஆற்றைப் பார்த்தபடி. "நான் ஃபுல்லா படிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீ என்ன பண்றேன்னு ஜன்னல்லேருந்து பாத்துட்டு இருந்தேன்."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மெதுவாக வீட்டுக்கு நடந்தோம். வாசற்படி இப்போது காலியாகத்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகாமல் கராஜ் முன்னால் வந்து நின்றாள். தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"கதவைத் திற," என்றாள். "அந்த பெட்ஷீட்டை எடு. தொட்டிலை இன்னிக்கே மாட்டிடலாம்."