டாக்டர் வந்த அன்று நான் சொல்லாதது

அண்ணன்மாரே, அக்காமாரே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் தப்பைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வங்காளம் வருகிற அளவுக்குத் தமிழ் வராது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2001ஆம் வருஷம் துர்கா பூஜை முடிந்த வாரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பாதி வாய் எல்லாம் போய்விட்டது. அப்பா இங்கே வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா அதற்கு முன்பே கர்த்தரிடம் போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். எனக்குப் பத்தொன்பது வயது. மெட்டியாபுரூஸில் ஒரு தையல்காரரிடம் துணியில் நூல் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு அப்பாவைப் படுக்க வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போவேன். திரும்பி வர நாலு மணி ஆகிவிடும். அதுவரை அவர் தனியாகக் கிடப்பார். தண்ணீர் வேண்டுமென்றாலும், ஒன்றுக்கு வந்தாலும், ஈ மொய்த்தாலும் அப்படியேதான் கிடக்க வேண்டும்.

படுக்கையாகிவிட்ட பழைய ஆட்களுக்குப் பகலில் ஒரு ஆயா வைத்துக்கொள்ளக் கம்பெனியில் உதவிப்படி கொடுப்பார்கள். அதற்கு அவர்களுடைய டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுத வேண்டும். மனு கொடுத்தேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு நான் எப்படித் தயாரானேன் தெரியுமா? வீட்டைப் பினாயில் போட்டுக் கழுவினேன். மூத்திரச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் டிரங்குப் பெட்டியை வைத்து மறைத்தேன். அப்பாவுக்கு முகம் மழித்து, ஈஸ்டருக்கு எடுத்த சட்டையைப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். கடைசியாக முழங்கால் போட்டு, "ஆண்டவரே, டாக்டர் முன்னாடி எங்களை வெட்கப்பட விடாதேயும்" என்று ஜெபித்தேன்.

டாக்டர் வங்காளி. வயதானவர், மரியாதையாகப் பேசினார். எப்படி இருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டார். நம் சபையில் யார் கேட்டாலும் என்ன பதில் சொல்வோம்? அதைத்தான் அப்பாவும் வங்காளத்தில் சொன்னார். கடவுள் கிருபையால் நன்றாக இருக்கிறேன் என்றார். பாதி வாயால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமென் என்றுகூடச் சொன்னேன்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாத்ரூமுக்கெல்லாம் அவரே போறாராம்மா?"

எப்படிச் சொல்வேன்? அப்பாவுக்கு எல்லாம் துடைத்துவிடுவது நான்தான் என்று ஒரு அந்நிய ஆணிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. "பிடிச்சுக்கிட்டா போவார், டாக்டர்பாபு" என்றேன்.

அது பொய். அப்பா என்னைப் பார்த்தார்.

கேட்டபடியே கர்த்தர் எங்களை வெட்கப்பட விடவில்லை. இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ஆள் தேவையில்லை, மனு தள்ளுபடி என்று போட்டிருந்தது.

நான் அப்பாவின் மேல் பாய்ந்தேன். "கிருபையால நல்லா இருக்கேன்னு அவர்கிட்ட போய் யார் சொல்லச் சொன்னா? உங்களாலதாம்ப்பா எல்லாம் போச்சு." இந்த வாயால்தான் சொன்னேன். அப்பா சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வெயில் காலத்தில் அவர் முதுகில் புண் வந்தது. எட்டு மணி நேரம் புரட்டிவிட ஆள் இல்லாமல் வந்த புண். நான் காக்கிமா என்று சித்தி முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வங்காளத்தில் என்னைக் கிழித்துவிட்டார்.

"அன்னைக்கு அப்பாவை ஜோடிச்சு உட்கார வச்சிருந்தியே, நான்கூடப் பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டார்னு நினைச்சேன். மாப்பிள்ளைக்கு எந்த டாக்டராவது ஆயா எழுதிக் கொடுப்பானாடி?"

அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்றைக்கே மறுபடி மனு எழுதிக் கொடுத்தேன். தினமும் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, உள்ளதை உள்ளபடி அவங்க பார்க்கட்டும். என் வாய் பொய் சொல்லாம நீரே காத்துக்கொள்ளும்."

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை டாக்டர் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, அதனால் நான் வேலைக்குப் போகவில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. நிமிர்ந்தால் வாசலில் அதே டாக்டர், பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் செருப்போடு நிற்கிறார். பக்கத்தில் இன்னொருவரைப் பார்க்க வந்தவர், மறுபடி இந்தத் தண்ணீரில் வர முடியாது என்று அப்படியே வந்துவிட்டாராம்.

சட்டியை மறைக்க எனக்கு நேரமில்லை. வெட்கப்படக்கூட நேரமில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். நான் அடியில் இருந்த துணியை மாற்றினேன். புண்ணையும் அவரே பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க, தாதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன். "இல்ல டாக்டர்பாபு. நல்லா இல்ல. எல்லாம் நான்தான் பண்ணிவிடறேன். முன்னாடியும் அப்படித்தான். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனார். அடுத்த மாதமே ஆயா வந்தார். இதைக் கர்த்தர் செய்தார் என்று சொல்ல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வியாழக்கிழமை வந்திருந்தால் நான் மறுபடி சட்டை மாட்டிவிட்டிருப்பேனோ என்னவோ. என்னை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, டாக்டர் போன பிறகு நடந்ததை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா இடது கையால் என் முந்தானையைப் பிடித்து, திக்கித் திக்கிக் கேட்டார்:

"இந்த வாட்டி... நான்... கெடுத்துடலியேம்மா?"

ஏழு மாசமாக அதை அவர் மனசில் வைத்திருந்திருக்கிறார். முதல் தடவை கெடுத்ததும் நீங்கள் இல்லை அப்பா, என் பொய்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "இல்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டாவது தடவை வாதம் வந்தது. பேச்சு நின்றது, யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிப்ரவரியில் அப்பா போய்விட்டார். புண் ஆறியிருந்தது. ஆயா அவரைச் சுத்தமாக வைத்திருந்தார். அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன். அழுதுகொண்டேதான் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் ஜெபத்தில் நான் நல்ல பிள்ளை வேஷம் போடுவதில்லை. கோபமோ பயமோ பொய்யோ, இருப்பதை அப்படியே அவர் முன்னால் கொட்டிவிடுகிறேன். நீங்களும் பயப்படாமல் கொட்டுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன்னால், வீட்டில் யாரிடமாவது "தப்பு என் மேலதான்" என்று சொல்ல வேண்டியிருந்தால், முதலில் எழுந்து போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். கர்த்தர் காத்திருப்பார். என் அப்பாவால் காத்திருக்க முடியவில்லை.