கறி சிவக்கும் நேரம்

நான் ஒரு பொய் எழுதினேன். "முப்பது நிமிடம்" என்று எழுதினேன். உண்மையில் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை!

இந்த ஒரு வரிப் பொய்க்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. அதே வரியால்தான் ஒருவரின் மேய்ச்சல் நிலம் கைவிட்டுப் போனது. நிலத்தைப் பறிகொடுத்தவருக்கு ஏழு ஆண்டுகளாகக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே மூன்று வேளையும் சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் வாங்கினேன்.

நீங்கள் கேட்கலாம்... அரை மணி நேரத்தில் அப்படி என்ன குடி முழுகிவிட்டது? சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பொறுமை இல்லாமல்தான் நான் கெட்டேன்.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இறைச்சியின் தரம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கேள்வி எளிமையானது. கொட்டிலில் கட்டித் தீவனம் போட்டு வளர்த்த செம்மறியின் கறி, கொரங்காட்டில் மேய்ந்து வளர்ந்த செம்மறியின் கறி... இரண்டில் எது நிறத்திலும் மென்மையிலும் மேல்? கொரங்காடு என்பது எங்கள் பக்கத்தில் கிளுவை வேலி போட்டு, உழாமல், புல்லுக்கென்றே விட்டுவைத்த நிலம். மூலனூர்ப் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம்.

மூலனூருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் கொரங்காட்டில் ஆடு வளர்த்தவர் சரஸ்வதி அக்கா. நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. காடு கொழுந்தனாருடையது, அக்கா குத்தகைக்கு வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கு ஆறு கிடாய்களைத் தந்தவர் அவர்தான். தந்ததற்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூரில் ஓர் இறைச்சிக் கம்பெனி, ஆராய்ச்சி முடிவைப் பார்த்துவிட்டு, நல்ல கறி தரும் ஆடுகளை மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த ஏற்பாடு அமைந்தால்தான் குத்தகையை நீட்டிப்பேன் என்று கொழுந்தனார் சொல்லிவிட்டார். இல்லையென்றால் காடு சோலார் தகடு வைக்கிறவர்களுக்கு.

"என்ற ஆட்டப் பத்தி நீ ஒண்ணும் ஏத்திச் சொல்ல வேண்டாம் கண்ணு. உள்ளத உள்ளபடி எழுதினாப் போதும்" என்றார், கிடாய்களை வண்டியில் ஏற்றிவிட்டபோது.

உள்ளதை உள்ளபடி! அதைத்தான் நான் செய்யவில்லை.

கறியின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆராய்ச்சி ஒப்புக்கொள்ளாது, கருவி வேண்டும். கல்லூரியில் இருந்த கருவி பழுது. ஆனால் நான் திருப்பூர்க்காரி ஆயிற்றே! துணிக்குச் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க இங்கே பனியன் கம்பெனிகள் வைத்திருப்பதும் அதே வேலையைச் செய்கிற கருவிதான். சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும். அதற்கு டீ-ஷர்ட்டும் ஒன்றுதான், ஆட்டுத் தொடையும் ஒன்றுதான்.

என்னோடு பள்ளியில் படித்த பர்வீன் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் கலர் லேபில் இருந்தாள். அவளுடைய மாமாவுக்கு ராயபுரத்தில் கறிக்கடை, குளிரறையோடு. அங்கே அறுத்து, ஒரு நாள் குளிரில் வைத்து, முதுகுச் சதையை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போவேன். மெல்லிய கண்ணாடித் தாள் சுற்றித்தான் கருவியில் வைக்க வேண்டும் என்பது பர்வீனின் கண்டிப்பு. "எங்க மெஷின்ல கறி நாத்தம் அடிச்சா துணி வாங்க வர்ற பையர் என்னையத் தொங்க விட்ருவான் புள்ள" என்பாள்.

இப்போது அந்த அரை மணிக்கு வருகிறேன்.

புதிதாக வெட்டிய சதை கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா பாய்ந்து இருக்கும். காற்றுப் பட்டதும் அதிலுள்ள நிறமி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பளிச்சென்ற சிவப்பாக மாறும். குறைந்தது முப்பது நிமிடம் காத்திருந்து, அதன்பிறகு அளப்பதுதான் முறை. அதற்குமுன் அளந்தால் எந்த நல்ல கறியும் மங்கலாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாதா? தேர்வில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்!

கொட்டில் ஆடுகளின் கறியை ஒரு திங்கட்கிழமை அளந்தேன். ஒழுங்காக நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இடையில் டீகூடக் குடித்தேன்.

சரஸ்வதி அக்காவின் கிடாய்களை அளக்க வேண்டிய நாளில்... என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்! மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து ஆறு முறை போன் செய்துவிட்டார். ப்ளவுஸ் தையல்காரரிடம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேமுக்கால். பதினொரு மணிக்கு வெளிநாட்டு பையர் வருகிறார். அதன்பிறகு மூன்று மணிவரை கருவி கிடைக்காது.

மூன்று மணிவரை காத்திருந்திருக்கலாம். ஐஸ் பெட்டி இருந்தது. கறி எங்கேயும் ஓடிப்போகாது. வருகிறவர்களை மாலையில் வரச் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. கத்தியை எடுத்தேன். வெட்டினேன், சுற்றினேன், வைத்தேன். வெட்டினேன், சுற்றினேன், வைத்தேன்.

பர்வீன் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"ஏன் புள்ள, ட்ரையர்ல இருந்து வந்த துணியவே ஆற வெச்சுத்தான் படிக்கறோம். சூட்டோட படிச்சா ஷேடு பொய் சொல்லும். கறிக்கு அப்பிடி ஒண்ணும் இல்லயா?"

"அதெல்லாம் கடையிலயே வெட்டி ஆற வெச்சாச்சு" என்றேன். என் கையில் கத்தி இருந்தது. பலகையில் அப்போதுதான் வெட்டிய சதை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுத்ததை வாங்கி வைத்தாள்.

நோட்டில் "காற்றில் வைத்த நேரம்: முப்பது நிமிடம்" என்று எழுதினேன். ஆறு கிடாய்க்கும் ஆறு முறை. கை நடுங்கவே இல்லை. நடுங்கியது என்று சொல்ல ஆசைதான்... ஆனால் இன்னொரு பொய் எதற்கு?

பெண் பார்க்க வந்தவர்கள் அரை மணி நேரம் தாமதமாக வந்தார்கள். சிரிக்காதீர்கள்.

ஆய்வேட்டில் வந்த முடிவு உங்களுக்கே தெரிந்திருக்கும். கொரங்காட்டு ஆட்டின் கறி மங்கல். தேர்வாளர் பாராட்டினார். ஓர் ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. இறைச்சிக் கம்பெனி கொட்டில்காரர்களோடு ஒப்பந்தம் போட்டது.

சரஸ்வதி அக்கா போன் செய்தார்.

"கம்பெனிக்காரங்க வேண்டாம்னுட்டாங்க கண்ணு. என்ற ஆட்டுக் கறி நெறம் பத்தலயாமா. இத்தன வருசத்துல எந்தக் கடைக்காரரும் அப்பிடி ஒரு வார்த்த சொன்னதில்லயே... நெசமாலுமே அப்பிடித்தான் வந்துச்சா?"

அந்த நிமிடம் என்னிடம் வாய் இருந்தது. உண்மை இருந்தது. நேரமும் வேண்டிய அளவு இருந்தது!

"ஆராய்ச்சில அப்படித்தானுங்க்கா வந்துச்சு" என்றேன்.

"செரி கண்ணு. நீ படிச்சவ, உனக்குத் தெரியாததா?" என்று வைத்துவிட்டார். நோட்டில் எழுதிய பொய்யைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் அரித்தது. அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று நோட்டுக்காவது ஒரு சாக்கு உண்டு. போனுக்கு என்ன சாக்கு?

கொழுந்தனார் காட்டைச் சோலாருக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தைந்து வருடக் குத்தகை. அக்கா பாதி ஆடுகளை விற்றார் என்று கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே!

எனக்கு வேலை கிடைத்தது. ஒரு கல்லூரியில் இறைச்சி அறிவியல் பாடம். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு முன்னால் ஒரு துண்டுச் சதையை வெட்டி வைத்து, "காத்திருங்கள், சிவப்பு ஏறும்வரை அளக்காதீர்கள்" என்று சொல்வேன். ஆறு ஆண்டுகள் இந்த வேஷம் ஓடியது. இந்த ஆண்டு ஓடவில்லை. சதை என் கண்ணெதிரே சிவந்துகொண்டே வந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே போய், வராந்தாவில் நின்று அழுதேன்.

அன்று மாலையே பர்வீனைப் பார்க்கப் போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். மெஷின்ல ஒவ்வொரு ரீடிங்குக்கும் நேரம் பதியும் புள்ள. ஆறு கறியும் பதினஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கு. சேத்து வெச்சிருக்கறேன். என்னிக்காச்சும் வந்து கேப்பியான்னு பார்த்தேன்... ஏழு வருசம் ஆக்கிட்டியே!"

அவள் தந்த காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை மூலனூருக்குப் பஸ் ஏறினேன்.

சரஸ்வதி அக்கா யாரோ ஒருவருடைய மூன்று ஏக்கரில் பதினெட்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். வேலிப் படலைத் திறந்துவிட்டு, "வா கண்ணு, என்ன இத்தன தூரம்?" என்றார். நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பெண் பார்க்க வந்ததையும் சொன்னேன், ப்ளவுஸையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்ற ஆட்டு மேல ஒரு கொறையும் இல்ல?"

"இல்லீங்க்கா."

"ஏழு வருசமா நாந்தான் ஏதோ தப்பா வளத்துட்டேன்னு நெனச்சுட்டு இருக்கறேன். தண்ணி செரியில்லயோ, புல்லு செரியில்லயோன்னு... கெடாவ மாத்திப் பார்த்தேன். தவுடு வாங்கிப் போட்டுப் பார்த்தேன்." அவர் குரல் உயரவே இல்லை. "போன்ல நான் கேட்டனல்லோ கண்ணு? நெசமாலுமான்னு கேட்டனல்லோ?"

ஆமாம், கேட்டார். காடு போனதை மட்டும்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். ஒரு மனுஷி தன் கைமேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு ஏழு ஆண்டு வாழ்ந்திருக்கிறார்... அது என் புத்திக்கு எட்டவே இல்லை!

கிளம்பலாம் என்று திரும்பியபோது அவர் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"மறுபடியும் அளந்து பார்க்க முடியுமா?"

"முடியுமுங்க்கா."

"ரெண்டு கெடா தாரேன். ஆனா நான் கூட நின்னு பார்க்கோணும்."

வந்தார். நல்லூர் லேபில், கலர் புத்தகங்களும் துணித் துண்டுகளும் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் பர்வீன் நாற்காலி போட்டாள். சுவர்க் கடிகாரத்தை அவருக்கு நேராக மாற்றி மாட்டினாள். நான் சதையை வெட்டி வெள்ளைத் தட்டில் வைத்தேன். கருத்துக் கிடந்தது.

பத்து நிமிடத்தில் ஓரம் மாறியது. இருபதில் நடுவில் ஏறியது. முப்பதாவது நிமிடம் தட்டில் இருந்தது, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் சிவப்பு. அக்கா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, "ஏனுங்க அம்மிணி, நல்லாத்தான இருக்குது?" என்று என்னைக் கேட்கவில்லை... பர்வீனைக் கேட்டார்.

"சூப்பரா இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பர்வீன் கருவியில் வைத்தாள். வந்த எண்கள் கொட்டில் ஆட்டுக்குச் சற்றும் குறைவில்லை.

இரண்டு கிடாய் ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும். இனி ஒழுங்காக, இரண்டு வகை ஆட்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில் அளக்கப்போகிறோம். ஆய்விதழுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என் தவற்றை எழுதி, பர்வீனின் காகிதத்தையும் இணைத்து அனுப்பிவிட்டேன். விசாரணைக் குழு அமைப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பட்டம் நிற்குமா, வேலை நிற்குமா, தெரியாது. இறைச்சிக் கம்பெனியில் பேசினேன்; புதிய முடிவுகள் வரட்டும், பார்க்கிறோம் என்றார்கள். கதவை மூடவில்லை. அதுவே எனக்குப் பெரிய செய்தி. பன்னிரண்டு ஏக்கர் மட்டும் திரும்பாது. அந்தக் குத்தகை முடியும்போது அக்காவுக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும்.

லேபில் அளந்த அன்று அக்காவை மூலனூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டேன்.

"என்னைய மன்னிப்பீங்களாக்கா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கனிவும் இல்லை.

"அத எதுக்குக் கண்ணு எங்கிட்டக் கேக்கற? அத வெச்சு நான் என்ன பண்றது?"

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"திங்கக்கெழம நாலு கெடா கொண்டாரேன். நான் வந்து உக்கார்ற வரைக்கும் நீ கத்தியத் தொடாத."