தொட்டுப் பார்த்து வாங்கியவர்

"ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் ஒரு குணமிருக்குதுங்க. பம்பாய்க்காரன் காதுல கேட்டுப் பங்கு வாங்குவான். மெட்ராஸ்காரன் பேப்பர்ல படிச்சு வாங்குவான். கோயமுத்தூர்க்காரன் கையில தொட்டுப் பாக்காம ஒத்தைப் பங்கு வாங்க மாட்டானுங்க!"

துடியலூரில் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் அழகிரிசாமி நாயுடு, 1995-ல் இதை டீக்கடை, கல்யாணப் பந்தி, பல் டாக்டர் நாற்காலி என்று பேதம் பாராமல் அறிவித்து வந்தார். பல் டாக்டரிடம் மட்டும் உச்சரிப்பு சற்றுக் குழறியது.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பம்பைத் தட்டிப் பார்ப்பார். பருத்தியை நிமிண்டிப் பார்ப்பார். கோயிலுக்குப் போனாலும் தூணைத் தட்டாமல் திரும்ப மாட்டார். பெருந்துறைப் பக்கம் வரப்போகும் நூற்பாலை ஒன்று, பத்து ரூபாய்ப் பங்கை ஐம்பதுக்கு விற்கிறதென்று கேட்டதும் சிரித்தார்.

"அநியாய விலை. எதுக்கும் போய்ப் பாத்துப்போட்டு வாரேன்."

"ஏனுங்க, அது லேத் வாங்க வெச்ச பணமுங்க" என்றார் மனைவி பங்காரம்மா. பட்டறையின் பழைய லேத் அவர்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. அது நின்றால் பட்டறையும் நிற்கும்.

"அதுக்குத்தான் அம்மணி, தொட்டுப் பாக்கப் போறேன்."

விண்ணப்பத்தையும் செக்கையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பியட் காரில் கிளம்பினார். ஆலைக்கு ஒரு மைல் முன்பே நிற்க வேண்டியதாயிற்று. எதிரே கார் வரிசை. திருப்பூர், பொள்ளாச்சி, கோபி என்று எல்லா ஊரிலிருந்தும் தொட்டுப் பார்க்க வந்தவர்கள். அந்த ஆலையின் பெயரால் அன்று லாபம் பார்த்த ஒரே தொழில், ஓரத்தில் நடந்த இளநீர் வியாபாரம்.

முன்வண்டியிலிருந்து அங்கப்ப கவுண்டர் இறங்கி வந்தார். பொள்ளாச்சித் தேங்காய் மண்டிக்காரர். ஆட்டிப் பார்க்காத தேங்காயைச் சாமிக்குக்கூட உடைக்காதவர்.

"ஏனுங்க நாயுடு, நீங்களும் பாக்க வந்தீங்களா?"

"இப்பத்தானுங்க வாரேன். நீங்க உள்ள பாத்துட்டீங்களா?"

"காலையில புடிச்சு இங்கயேதான் நிக்கறேன். ஆனா நீங்களே இத்தனை தூரம் வந்துட்டீங்க. இனி நான் வேற எதுக்குங்க பாக்கோணும்?"

சொன்னவர் பானெட்டின்மேல் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அழகிரிசாமி யோசித்தார். கவுண்டரே போட்டுவிட்டார். இத்தனை பேர் பார்க்க வந்த இடத்தில் பார்க்க இன்னும் என்ன பாக்கி? யோசிக்க யோசிக்க ஐம்பது ரூபாய் கொள்ளை மலிவாகத் தெரிந்தது. வண்டியைத் திருப்பி, வரும் வழியில் பேங்க்கில் விண்ணப்பத்தைச் சேர்த்துவிட்டார்.

"தொட்டுப் பாத்தீங்களா?" என்று வாசலிலேயே கேட்டார் பங்காரம்மா.

அவர் நேரே பட்டறைக்குள் போனார். பழைய லேத்தை நாலு இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"இது இன்னும் அஞ்சு வருசம் தாராளமா ஓடும், அம்மணி."