திரு – திரு: ஆயர் தாவாருக்கு ஒரு சனிக்கிழமை

போன சனிக்கிழமை ஆயர் தாவாருக்குப் போய் வந்தேன். ஈப்போவிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்ப முடியுமா, எவ்வளவு ஆகும் என்று அதற்கு முந்தைய வாரம் தேடிப் பார்த்தேன். தமிழில் யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் கைப்பேசியை மறைத்துத் தட்டுவதால் பிழைகள் இருக்கலாம். பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

அங்கே அம்மாவின் அண்ணன் இருக்கிறார். தர்மலிங்கம் மாமா, வயது அறுபத்து மூன்று. மாமா ஒரு 'கே', ஆணைக் காதலிப்பவர். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. சூசை அங்கிளோடு ஒரே வீட்டில் வாழ்கிறார் என்பது எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, அவருடைய சட்டைகள். பழைய பட்டுச் சேலைகளின் கரையை வெட்டி, காலரிலும் கைகளிலும் வைத்து, தானே தைத்துப் போடுவார். இந்த இரண்டில் எங்கள் வீட்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பா அதிகம் திட்டுவது சட்டையைத்தான்.

மாமாவை நான் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஆறு வயது. மஞ்சள் சட்டை போட்டிருந்தார். கரையில் மயில்கள் இருந்தன. அவர் மடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு வரை எண்ணியபோது அப்பா ஏதோ சொன்னார், மாமா என்னை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். பத்து வருடம் ஆகிறது.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். மூன்று வாரத்துக்கு முன் சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். அம்மா கொசுவம் வைக்க வைக்க அது சரிந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை, "கொசுவம்னா எங்கண்ணன் வைக்கணும்," என்று அம்மாவின் வாயில் வந்துவிட்டது. உடனே சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் இல்லை. குழாய் வெகு நேரம் ஓடியது. அப்போதுதான் போவது என்று முடிவு செய்தேன்.

கல்யாண அட்டையில் தாய்மாமன் வரிசையில் சின்ன மாமா மட்டும் இருக்கிறார்: 'திரு. குமரன் – திருமதி. லதா தம்பதியர்'. மிஞ்சிய அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதற்கு மேலே கறுப்புப் பேனாவால், அச்செழுத்து மாதிரியே எழுதினேன்: 'திரு. தர்மலிங்கம் – திரு. சூசை'. 'தம்பதியர்' என்று போடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். மற்ற எல்லாருக்கும் போட்டிருக்கிறதே. போட்டுவிட்டேன்.

இனி பயணம். பள்ளியில் சாரணர் பயிற்சி என்று சொல்லிவிட்டு, காலை 7.10க்கு எங்கள் குனோங் ராபாட்டில் நகரப் பேருந்து ஏறினேன். இரண்டு ரிங்கிட், இருபத்தைந்து நிமிடம். ஈப்போ பேருந்து நிலையத்தின் கழிப்பறையில் சீருடையை மாற்றிக்கொண்டேன். லூமுட் போகும் பேருந்து 8.30க்குப் புறப்பட்டது. ஆயர் தாவாருக்கு ஒன்பது ரிங்கிட். தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது மட்டும் எட்டிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அப்பாவின் நண்பர் மாதிரி ஒருவர் முன்னிருக்கையில் இருந்ததால் குனிந்தே இருந்தேன். அவர் பாலத்துக்கு முன்னால் ஸ்ரீ இஸ்கண்டாரிலேயே இறங்கிவிட்டார். எனக்குப் பாலம் தாண்டித்தான் தெரிந்தது.

10.20க்கு ஆயர் தாவார். அங்கிருந்து மாமா இருக்கும் தாமான், அதாவது குடியிருப்பு, ஆறு கிலோமீட்டர். வாடகை வண்டி பன்னிரண்டு ரிங்கிட். ஓட்டியவர் தமிழர், ஐம்பது வயது இருக்கும்.

"யாரு வீட்டுக்கு மா?"

"தர்மலிங்கம்னு..."

"சட்டை அண்ணனா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே லா! இன்னிக்கு என்ன கலர்ல இருக்காருன்னு பாத்துட்டுச் சொல்லு. நானும் என் பொண்டாட்டியும் பந்தயம் கட்டியிருக்கோம்."

"ஒங்களுக்கு அவரத் தெரியுமா அண்ணே?"

"இந்த ஊர்ல அவரத் தெரியாதவன் யாரு?" என்றார். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்து, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பழைய ரப்பர் தோட்டம் பார்க்கலாம் என்று யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஏமாறுவீர்கள். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை இடித்து, அங்கே இருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள்தான் இந்தத் தாமான். கடைசி வீட்டு வாசலில் கத்தரிப்பூ நிறச் சட்டையில் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காலரில் வெள்ளிச் சரிகை. ஓட்டுநர், "தோத்துட்டேன்!" என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மாமா என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரமாகவில்லை. கையிலிருந்த ரப்பர் குழாய் கீழே விழுந்து அவர் காலை நனைத்தது.

"பசியாறிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

நூடுல்ஸை வதக்கி மீ கோரெங் போட்டுக் கொடுத்தார். அதை முடிக்கும்வரை ஏன் வந்தாய், யாருடன் வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் அட்டையை நீட்டினேன். தாய்மாமன் வரிசைக்கு வந்ததும் அவர் கண் அங்கேயே நின்றது.

"நீ எழுதினியா?"

தலையாட்டினேன்.

"சூசை போயி ரெண்டு வருஷம் ஆச்சு மா."

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்ல வழியே இருக்கவில்லை என்பதுதான் சரி. இறந்தவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட வேண்டும். கல்யாண அட்டையில் 'திரு' என்று எழுதியது எவ்வளவு பெரிய பிழை! அழுகை வந்தது. பையில் பேனாவைத் தேடினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், உள்ள வை. முப்பத்தோரு வருஷம் ஒண்ணா இருந்தோம். எங்க ரெண்டு பேரு பேரும் ஒரு கரண்ட் பில்லுல கூடச் சேர்ந்து வந்ததில்ல. இதுலயாவது உசுரோட இருந்துட்டுப் போறான்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பதியராம்! நாங்க போட்ட சண்டைக்கு அது சரியான பேருதான்," என்று சிரித்தார்.

"கல்யாணத்துக்கு வாரீங்களா மாமா?"

"யாரு கூப்புடுறா?"

"நான்தான்."

"நீ கூப்புட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன். மண்டபத்துக்குன்னா என் தங்கச்சி கூப்புடணும்."

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். "வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றேன்.

மாமா கோபப்படவில்லை. எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு பாதியில் பச்சை, சிவப்பு, மாம்பழ நிறம் என்று கரை வைத்த சட்டைகள். மறுபாதி முழுக்க வெள்ளை, எல்லாம் இஸ்திரி போட்டவை.

"வெள்ள அவனோடது. நான் உடுத்திக்கிட்டு வாசல்ல எறங்கினா, அவன் சும்மா நின்னு பாப்பான். அவன் பாக்குறதுக்குத்தான் இத்தனையும் தச்சேன். இப்ப வெள்ளையப் போட்டு அவன எங்க கொண்டு போயி ஒளிக்கச் சொல்ற?"

வெள்ளைப் பக்கத்தில் ஒரு சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. போட ஆளில்லாத சட்டைக்கு மாமா இன்னும் கஞ்சி போடுகிறார்.

அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். கரும்பச்சைச் சட்டை. காலரில் அரக்குக் கரை, அதற்குள் சின்னச் சின்னப் பொன் மாங்காய்கள்.

"ஒங்கம்மா கல்யாணச் சேலை. கடையில நான்தான் தேர்ந்தெடுத்தேன். ரவிக்க தச்சது போக ஒரு மொழம் கரை மிஞ்சிச்சு. அவ பொண்ணு கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தேன்."

"யாரும் கூப்புடாமலேயே தச்சிட்டீங்களா?"

"தைக்கிறதுக்கு யாரு கூப்புடணும் லா?"

திரும்பும் பேருந்து 2.40க்கு. மாமா அந்தப் புதுச் சட்டையையே போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுவந்து விட்டார். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் விற்பவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"அண்ணே, என்னா ஜோரு! இன்னிக்கு நீங்கதான் மாப்ளையா?"

"மாப்ள நான்தான். மாப்ளைக்கு மாப்ளதான் இல்ல," என்றார் மாமா.

கறிபாப்காரர் பலமாகச் சிரித்து, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, காசு வாங்காமல் நான்கு கறிபாப்பைப் பொட்டலம் கட்டி என் கையில் வைத்தார். அந்த ஊரில் எல்லாருக்கும் சூசை அங்கிளைத் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும்தான் அவர் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்.

பேருந்து வருவதற்குள் மாமாவை ஒரு படம் எடுத்தேன். அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏறியதும் சன்னல் வழியாகப் பார்த்தேன். கையை ஆட்டவில்லை. கலைந்திருந்த காலரைச் சரி செய்துகொண்டு நின்றார். 4.45க்கு ஈப்போ. மறுபடி சீருடை. 5.30க்கு வீடு. பயிற்சி எப்படி இருந்தது என்று அம்மா கேட்டார், நல்லா இருந்துச்சு என்றேன்.

ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயைத் திறந்து, பள்ளிக்கூடத்தைப் பற்றி எதையாவது சொல்லி மூடிக்கொள்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் கைப்பேசி போய்விடும், அதைவிட மோசமாகவும் நடக்கலாம். ஆனால் அம்மா கூப்பிடாவிட்டால் மாமா வரமாட்டார். நான் சொல்லாவிட்டால் அம்மா கூப்பிடமாட்டார். இன்னும் இருபத்திரண்டு நாள்தான். படத்தைப் பெரிதாக்கி, காலர் மட்டும் தெரியும்படி வெட்டி வைத்திருக்கிறேன். நாளை அப்பா வேலைக்குக் கிளம்பியதும், அம்மா பசியாற உட்காரும்போது, ஒன்றும் பேசாமல் முன்னால் வைப்பேன். அம்மாவுக்கு முகம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: என் வயதில் தனியாகப் போகாதீர்கள். நான் பயந்துகொண்டே போனதில் பாதி வழியைப் பார்க்கவே இல்லை. குடை எடுத்துக்கொள்ளுங்கள், ஆயர் தாவாரில் மதியம் மழை வருகிறது. திரும்பி வர வாடகை வண்டிக்காரரின் எண்ணை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்துக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமானால் எட்டு மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு அக்கா சொன்னார். அன்றைக்கு அது எனக்குத் தேவைப்படவில்லை. இருந்தாலும் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு டிக்கெட், பதினெட்டு ரிங்கிட், வலப்பக்கம், சன்னலோரம் அம்மாவுக்கு.